எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கதை

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை ஆக்குவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும், கோடை வெயிலில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவோருக்கும் வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. எழுத்தாளனும் இல்லை. கரிசல் காட்டில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரேடு எழுதிய கை என்பதால் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்தி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நெடுவினா ஒன்றுக்கு எட்டுக்கு ஏழு. முதலில் குறிப்புச் சட்டம், கட்டம் போட்டு அழகாக. அப்புறம் முன்னுரை. பிறகு நாலைந்து உள்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு. கடைசியில் முடிவுரை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு மதிப்பெண் ஏன் போயிற்று என்று கேட்டேன். மேற்கோள் எழுதவில்லையாம்.

கேள்வி கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ பற்றியது. அந்தக் கதையைப் பாடநூலின் விரிவானத்தில், அதாவது துணைப்பாடப் பகுதியில், சேர்த்ததற்கு உங்களுக்கு முதலில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். கதையில் மனிதத்தை வெளிப்படுத்தும் கதைமாந்தரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறீர்கள். அவளும் வீரப்பனைப் பற்றி எழுதியிருந்தாள், ஆறுமுகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். உதவும் உள்ளம், ஏழ்மையிலும் செம்மை என்று தலைப்புகள். கதையைச் சொல்கிறானே, அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“அவன் குப்புசாமியைப் பார்த்தாலே எரிச்சல்படுவானே, அதை எழுதலியா?” என்றேன்.

“அது கேள்வில இல்ல தாத்தா. எழுதினா டைம்தான் வேஸ்ட்.”

அவள் சொன்னது சரி. கேள்வியில் இல்லைதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் படித்த விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்குக் குப்புசாமி என்றொரு நோயாளி வந்து சேர்கிறான். காஞ்சிபுரத்துக்காரன், அநாதை மாதிரி. வைத்தியத்துக்காகச் சென்னையில் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். கதை சொல்பவனுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. காரணமும் பெரிதாக எதுவும் இல்லை. நோயாளி, ஏழை, போக்கிடம் இல்லாதவன் என்பதே போதுமானதாக இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஆறுமுகம் என்றோர் ஆள் வந்து ஒரு கடிதத்தையும் மூன்று ரூபாயையும் கொடுக்கிறான். குப்புசாமியின் நண்பன் வீரப்பன் கடன் வாங்கி அனுப்பிய மூன்று ரூபாய். நேரில் வந்து பார்க்கலாம்தான், ஆனால் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு உனக்கு ஆகுமே என்று வராமல் இருந்துவிட்ட நண்பன். அந்தக் கடிதத்தைப் படித்ததும் கதை சொல்பவன் இடிந்துபோகிறான்.

வீரப்பன் நல்லவன். சந்தேகமே இல்லை. ஆனால் கதை முழுக்க வீரப்பன் வருவதே இல்லை. வருவது அவனுடைய கடிதம் மட்டும்தான். பக்கம் பக்கமாக நாம் உட்கார்ந்திருப்பது அந்த எரிச்சல்காரனுடைய மண்டைக்குள். அழகிரிசாமி ஏன் நம்மை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்? வீரப்பனின் பெருமையைச் சொல்வதுதான் நோக்கமென்றால் வீரப்பன் கடன் கேட்டு அலைவதையே கதையாக எழுதியிருக்கலாமே. படிக்கிறவன் குப்புசாமியைப் பார்த்துக் கூடச் சேர்ந்து கொஞ்சம் முகம் சுளிக்க வேண்டும், அப்புறம் அந்த மூன்று ரூபாய் வந்து சேர வேண்டும். அப்போதுதான் அது நம் கன்னத்தில் விழும். உங்கள் கேள்வி பிள்ளைகளை அந்த அடி விழாத இடமாகப் பார்த்து ஒதுக்கி உட்கார வைத்துவிடுகிறது.

எனக்கு அது விழுந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

எனக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும்போது அம்மாவின் வழியில் ஒரு தூரத்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். டவுன் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று கிராமத்திலிருந்து வந்தவர் இரண்டு மாதம் இருந்துவிட்டார். ஓர் அறை, முன்பக்கம் ஒரு தார்சா, அவ்வளவுதான் எங்கள் வீடு. தார்சா என் இடம். அவர் வந்ததும் அது அவர் இடமாயிற்று. ராத்திரியெல்லாம் இருமுவார். அவர் குடித்த தம்ளரை நான் தொடமாட்டேன். ஒரு நாள் அவர் காதில் விழும்படியே, “இவரு எப்பம்மா ஊருக்குப் போவாரு?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாளில் கிளம்பிப் போனார். போகும்போது என் சட்டைப் பையில் இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போனேன்.

அந்தக் கதையை நான் படித்தது ஏழெட்டு வருஷம் கழித்து, கிளை நூலகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். நூலகர் கதவைச் சாத்த வந்து நிற்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. மனிதநேயம் என்ற சொல் அன்று எனக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை. அந்தத் தம்ளர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இதை எட்டு மதிப்பெண்ணுக்கு எப்படி எழுதுவது?

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் ‘கதவு’. கி.ரா.வும் அழகிரிசாமியும் ஒரே ஊர்க்காரர்கள், பால்ய சிநேகிதர்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிற இடைசெவல். அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு சாகித்திய அகாதெமி விருதுகள். அழகிரிசாமிக்கு 1970-இல் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக, அவர் இறந்த ஆண்டிலேயே. கி.ரா.வுக்கு 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக. அந்த நாவலின் ஒரு பகுதியையும் நீங்கள் பத்தாம் வகுப்பில் வைத்திருக்கிறீர்கள். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது. அவரைப் பற்றிய கேள்விக்குப் பிள்ளைகள் மேற்கோள் இல்லாமல் எழுதி ஒரு மதிப்பெண்ணை இழப்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ. சரி, அது போகட்டும்.

‘கதவு’ ஒரு விளையாட்டில் தொடங்குகிறது. லட்சுமியும் சீனிவாசனும் தெருப் பிள்ளைகளும் வீட்டுக் கதவில் தொற்றி ஏறிக்கொண்டு அதை முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். அதுதான் அவர்களுக்கு பஸ். ஊர் ஊராகப் போகிறது. அப்பா மணிமுத்தாறில் வேலைக்குப் போனவர், மாதக்கணக்கில் தகவல் இல்லை. தீர்வைப் பாக்கிக்காக, அதாவது வரி பாக்கிக்காக, ஊர்த் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். குழந்தைகளுக்கு அதுவும் வேடிக்கைதான், பின்னாலேயே போகிறார்கள். அப்புறம் குளிர்காற்று கதவில்லாத வீட்டுக்குள் வருகிறது. கைக்குழந்தை காய்ச்சலில் போய்விடுகிறது. கி.ரா. எங்கேயும் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. தலையாரியைக்கூடக் கெட்டவனாகக் காட்டவில்லை. பல நாள் கழித்து, பாழாய்க் கிடக்கிற அந்தக் கதவைக் குழந்தைகள் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

கல்லூரியில் படிக்கும்போதே நான் இதைப் படித்துவிட்டேன். நல்ல கதை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு அலைந்தேன். அப்புறம் சங்கத்தில் வேலை கிடைத்தது.

எங்கள் வேலையில் மார்ச் மாதம் என்றால் வசூல் மாதம். தவணை தவறியவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு ஜப்தி செய்கிற விற்பனை அலுவலரோடு ஜீப்பில் ஊர் ஊராகப் போவோம். பெரும்பாலும் ஜீப்பைப் பார்த்ததுமே யாராவது நகையை அடகு வைத்துக் கொஞ்சம் கட்டிவிடுவார்கள். கட்ட முடியாதவர்கள் வீட்டில் ஜப்தி. ஒரு கிராமத்தில், புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், தையல் மெஷினுக்கு வாங்கிய கடன். மெஷினைத் தூக்க வேண்டும். உள்ளே போனால் நாலைந்து வயதுப் பையன் ஒருவன் பெடல் மேல் உட்கார்ந்து பக்கத்துச் சக்கரத்தை ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டு வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். கதையில் வருகிற மாதிரியே நான் ஜோடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். தையல் மெஷின் இருக்கிற வீட்டில் வளர்ந்த எல்லோரும் ஓட்டிய பஸ் அது.

எனக்குக் ‘கதவு’ ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. தலையாரி யார் என்றும் தெரிந்தது.

ஆனாலும் பையனை நான்தான் தூக்கி இறக்கிவிட்டேன். மெஷினை ஜீப்பில் ஏற்றினோம். பொருள் விவரப் பட்டியலை என் கையெழுத்தில் எழுதி அந்த அம்மாளிடம் கைநாட்டு வாங்கினேன்.

ஆக, அந்தக் கதையைப் படித்ததால் நான் என்ன பாடம் கற்றேன்? உங்கள் கணக்குப்படி ஒன்றும் இல்லை. ‘ஏழைகளிடம் இரக்கம் காட்ட வேண்டும்’ என்று அப்போது யாராவது வினாத்தாள் நீட்டியிருந்தால் எட்டுக்கு எட்டு வாங்கியிருப்பேன். அதே கையால்தான் பட்டியலும் எழுதினேன்.

ஆனால் அந்தப் பையன் ஹார்ன் அடித்த சத்தம் என்னை விடவில்லை. மற்றவர்கள் ஜீப்பில் திரும்பும்போது டீ எங்கே நல்லாயிருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது தையல் மெஷின், எனக்குக் கதவாகிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து பிப்ரவரி மாதமே நானாக சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டியலில் இருக்கிற வீடுகளுக்குப் போய், ஜீப் வரப்போகிறது, ஏதாவது பார்த்துக் கட்டிவிடுங்கள், முடியாவிட்டால் தவணையைத் தள்ளிப்போட மனு எழுதித் தருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். சில பேருக்கு அது உதவியது, பல பேருக்கு உதவவில்லை. பெரிய புரட்சி ஒன்றுமில்லை. எங்கள் செயலாளர் இதை வசூல் உத்தி என்று நினைத்து என்னைப் பாராட்டினார். மெஷினை இழந்த அந்த அம்மாளுக்கு நான் செய்தது ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதை இப்படித்தான் என்னிடம் வேலை செய்திருக்கிறது. முன்கூட்டியே என்னை நல்லவனாக்கி அனுப்பியதே கிடையாது. தப்பு செய்த பிறகு பின்னாலேயே வந்து நின்று, இது என்ன தெரியுமா என்று கேட்கும். சில சமயம் அடுத்த தடவை கை கொஞ்சம் தயங்கும். நீதி வேண்டுமென்றால் நம்மிடம் ஆத்திசூடி இருக்கிறது. ‘அறம் செய விரும்பு’, ‘ஈவது விலக்கேல்’ என்று ஔவை இரண்டு மூன்று சொல்லிலேயே முடித்துவிட்டாள். அதையே சொல்வதற்கு அழகிரிசாமி எதற்காக இத்தனை பக்கம் எழுத வேண்டும்?

கதையைக் கேள்வி பதிலாக்குகிறபோது நாம் செய்வது, அது பின்னால் வந்து நிற்கிற வாய்ப்பைப் பிடுங்கிவிடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடம் படித்தாயிற்று, பதில் எழுதியாயிற்று, கணக்கு நேர். பேரேட்டில் கணக்கை முடித்துக் கோடு போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள். முப்பது வருஷம் கோடு போட்டவன் சொல்கிறேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் தி. ஜானகிராமனின் ‘முள் முடி’யைப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே படியுங்கள். அனுகூலசாமி வாத்தியார் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஒரு பையனைக்கூடத் தொட்டு அடித்ததில்லை. ஓய்வு பெறுகிற அன்று ஊரே மாலையோடு வந்து கொண்டாடிவிட்டுப் போகிறது. எல்லோரும் போன பிறகு ஒரு தாய் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். எப்போதோ ஒரு புத்தகத்தைத் திருடிவிட்ட பையன். வாத்தியார் அவனை அடிக்கவில்லை, அவனோடு யாரும் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சொன்னதை அவர் மறந்துவிட்டார். பிள்ளைகள் மறக்கவில்லை. இவ்வளவு காலமும் அவனை ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள், வாத்தியாரின் பிரிவு உபசாரத்துக்கு அவன் கொடுத்த காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். இந்தக் கதையின் நீதி யாது என்று கேட்டால் ‘மாணவர்களை ஒதுக்கக் கூடாது’ என்று எழுதலாம். முழு மதிப்பெண் போடலாம். அதை எழுதிய பையன் மறுநாள் தன் வகுப்பில் யாரோடு பேசாமல் இருக்கிறான் என்று அந்த விடைத்தாள் சொல்லுமா?

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள், ஆயிரக்கணக்கான திருத்துநர்கள். கன்னியாகுமரியில் திருத்தினாலும் கிருஷ்ணகிரியில் திருத்தினாலும் ஒரே விடைக்கு ஒரே மதிப்பெண் விழ வேண்டும். விடைக்குறிப்பு இல்லாமல் அது நடக்காது. அதற்கும் மேலே ஒன்று. எங்கள் வீடு மாதிரி வீடுகளில் பாடநூல் வழியாக வராவிட்டால் ஒரு சிறுகதை பிள்ளையின் கைக்கு வரவே வராது. நான் முதன்முதலில் படித்த சிறுகதையே துணைப்பாட நூலில் வந்ததுதான். அட்டை போட்டு வைத்திருந்த புத்தகம். அதனால் கதைகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஆண்டுக்கு ஒரே ஒரு கதையையாவது கேள்வி இல்லாமல் விட்டுவிடுங்கள். பின்னால் பயிற்சிப் பகுதி வேண்டாம், குறுவினா நெடுவினா வேண்டாம், தேர்வுக்கு வராது என்று மேலேயே அச்சடித்துவிடுங்கள். தேர்வுக்கு வராததை யார் படிப்பார்கள் என்பீர்கள். நாற்பது பேரில் நாலு பேர் படிப்பார்கள். அந்த நாலு பேருக்குத்தானே நாம் கதை எழுதுகிறோம், அச்சடிக்கிறோம். பக்கம் போதாமல் கதையை வெட்ட வேண்டி வந்தால், வெட்டிய கதைக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு வைத்து முழுக் கதையையும் படிக்கக் கொடுங்கள். பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு ஏற்கெனவே இருக்கிறதே. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் கதைகளைப் போட யாரிடமும் அனுமதிகூடக் கேட்க வேண்டாம்.

கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால், கதையில் உங்களைச் சங்கடப்படுத்திய இடம் எது, ஏன் என்று கேளுங்கள். எந்த இடத்தைச் சொன்னாலும் சரி. சொன்ன இடம் கதைக்குள் இருக்கிறதா, காரணத்தைக் கதையை வைத்துச் சொல்லியிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். அதற்கு விடைக்குறிப்பு எழுத முடியும். திருத்துகிறவர்களுக்கும் நூறு தாளில் ஒரே முன்னுரையைப் படிக்கிற அலுப்பு கொஞ்சம் குறையும்.

போன வாரம் பேத்திக்கு ‘அன்பளிப்பு’ கதையைப் படித்துக் காட்டினேன். வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுத்துவிட்டுத் தன்னை விட்டுவிட்ட மனிதரைச் சாரங்கன் என்ற பையன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தானே வாங்கி வைத்திருந்த டைரியை எடுத்து நீட்டி, ‘என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு’ என்று அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்கிற இடம் வந்ததும் நிறுத்தினேன். எனக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு அன்னைக்கே நேரா கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

“கேட்டு வாங்கினா அது அன்பளிப்பா?”

“இது மட்டும் கேக்காம வாங்கினதா? அவனே சொல்லித்தானே எழுத வெச்சான்.”

என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவள் அம்மா வந்து பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதீர்கள் என்று என்னைத்தான் திட்டினாள். சாப்பிடும்போது அவளாகவே, அவங்க கிளாஸில் ஒரு பெண்ணை மட்டும் யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதில்லை என்று சொன்னாள். ஏன் என்றேன். தெரியவில்லை என்றாள். நீ கூப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ‘ஒருவன் இருக்கிறான்’ கேள்வி வந்தால் வீரப்பனையும் ஆறுமுகத்தையுமே எழுது, குறிப்புச் சட்டத்தை மறந்துவிடாதே, இந்தத் தடவை மேற்கோளையும் சேர்த்துவிடு என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும்?

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர்